தொண்ணூறு நிமிட ஆட்டமும் தொண்ணூறு ஆண்டு வாழ்வும்

(தோட்ட விளையாட்டு விழாவின் பரிசளிப்பு நிகழ்ச்சியில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



வெற்றி பெற்ற குழுவினருக்கு என் பாராட்டு. தோல்வியுற்றும் இறுதிவரை ஓடிய குழுவினருக்கு என் இரட்டிப்புப் பாராட்டு. நம் தோட்டங்களில் கோயில், பள்ளிக்கூடம் ஆகிய இரண்டிற்கும் அடுத்தபடியாக மக்களை ஒன்று சேர்த்தது காற்பந்துத் திடலே ஆகும். காலையில் பால் வெட்டி, மாலையில் பந்து விளையாடிய தலைமுறைகள் நம்முடையவை. ஆகவே, வாழ்க்கையைப் பற்றி உங்களிடம் பேசுவதற்குக் காற்பந்தைவிடப் பொருத்தமான பாடநூல் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

காற்பந்தாட்டம் 90 நிமிடங்களைக் கொண்டது. முற்பகுதி 45 நிமிடம். பிற்பகுதி 45 நிமிடம். ஒரு நிமிடத்தை ஓராண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் தாம் எத்தனையாவது நிமிடத்தில் ஆடிக்கொண்டிருக்கிறோம் என்பதைத் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

முதல் 15 நிமிடங்கள் பிள்ளைப் பருவம். நல்ல குழு, ஆட்டம் தொடங்கியவுடனேயே கண்மூடித்தனமாகப் பாய்வதில்லை. திடலின் தன்மையையும், பந்தின் போக்கையும், தோழர்களின் திறனையும் அறிந்துகொள்கிறது. இரப்பர்க் கன்றை நட்டவுடன் நாம் கத்தி வைக்கிறோமா? ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து, மரம் போதிய அளவு பருத்த பின்னரே பால் வெட்டத் தொடங்குகிறோம். இளமரத்தில் வெட்டினால் அன்றைக்குச் சிறிது பால் கிடைக்கலாம். ஆனால் மரம் கெட்டுவிடும். பிள்ளைகளும் அவ்வாறே. பள்ளிப் பருவத்தில் அவர்களை வேலைக்கு இழுத்தால், இன்றைக்குச் சில வெள்ளி கிடைக்கும்; நாளைய வாழ்வு நலிந்துபோகும்.

பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரை முற்பகுதியின் விறுவிறுப்பான கட்டம். கால்களில் வலிமையும் நெஞ்சில் துணிவும் நிறைந்த காலம் இது. இளைஞர்களே, இங்கே உங்களுக்கு ஒரு விதியை நினைவூட்டுகிறேன். அதுதான் ‘ஆஃப்சைட்’ விதி. வேகமாக ஓடுவது குற்றமன்று. பந்து வருவதற்கு முன்பாகவே, எதிரணியின் தற்காப்பைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு பந்தைப் பெறுவதுதான் குற்றம். முதல் மாதச் சம்பளம் கைக்கு வருமுன் மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டத் தொடங்குபவரும், இரண்டு பேருக்கு உணவளிக்கும் வருமானம் ஏற்படுமுன் கடன் வாங்கி ஆடம்பரத் திருமணம் செய்பவரும் ஆஃப்சைடில் நிற்பவர்களே. அவர்கள் போடும் கோல் கணக்கில் சேர்வதில்லை.

காற்பந்தில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் அறிமுகமாயின. மஞ்சள் அட்டை எச்சரிக்கை. அதைப் பெற்றவர் திடலில் தொடர்ந்து ஆடலாம். அதையும் மீறினால் சிவப்பு அட்டை, வெளியேற வேண்டியதுதான். வாழ்க்கையும் நமக்கு மஞ்சள் அட்டைகளைக் காட்டுகிறது. மதுவினால் ஒரு நாள் வேலைக்குப் போகாமற்போவது மஞ்சள் அட்டை. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கிறது என்று மருத்துவர் கூறுவது மஞ்சள் அட்டை. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறந்துவிடுகிறவரே பின்னர் வருந்துகிறார்.

நாற்பத்தைந்தில் இடைவேளை. திடலில் இதற்கு 15 நிமிடம் வரை அனுமதி உண்டு. இடைவேளை வெறும் தண்ணீர் குடிப்பதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. எங்கே தவறினோம், யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்று பயிற்றுநருடன் ஆராய்வதற்காக ஏற்பட்டது. வாழ்க்கையில் நடுவர் ஊதல் ஊதி நம்மை நிறுத்துவதில்லை. ஆகையால் நாமாகவே நின்று பார்க்க வேண்டும். அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் ஒரு வெள்ளி கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளலாம். ஊழியர் சேமநிதிக் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். கணவனும் மனைவியும் உட்கார்ந்து, எஞ்சியிருக்கும் ஆட்டத்தை எவ்வாறு ஆடுவது என்று பேசலாம். முற்பகுதியில் இரண்டு கோல் பின்தங்கிய குழு பிற்பகுதியில் வென்றதை நீங்கள் எத்தனையோ முறை கண்டிருக்கிறீர்கள்.

பிற்பகுதியில்தான், பெரியோர்களே, நான் இன்று முக்கியமாகக் கூற வந்த செய்தி இருக்கிறது. ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இருந்து வருகிறது. மாதம் 5,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளம் பெறும் தொழிலாளியின் கணக்கில், அவருடைய பங்கு நூற்றுக்கு 11. முதலாளியின் பங்கு நூற்றுக்கு 13. ஐம்பத்தைந்து வயதில் சேமிப்பை மீட்டுக்கொள்ளலாம். ஆனால் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து 60 ஆகும். ஆகவே 55ஆம் நிமிடத்தில் பணம் கைக்கு வரும். ஆட்டமோ இன்னும் 35 நிமிடம் இருக்கலாம். அப்பணத்தை ஓராண்டிலேயே செலவழித்துவிடுவது, கோல் காவலரையும் முன்னால் ஓடவிட்டு, கோல் கம்பங்களைக் காவலின்றி விட்டுவிடுவதற்கு ஒப்பாகும்.

2024ஆம் ஆண்டு மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்ட சந்தாதாரர்களின் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. புதிதாகச் சேரும் பணத்தில் நூற்றுக்கு 75 ஓய்வுக்காலக் கணக்கிற்கும், 15 நல்வாழ்வுக் கணக்கிற்கும், 10 எந்நேரமும் எடுக்கக்கூடிய கணக்கிற்கும் போகிறது. எடுக்க முடியும் என்பதற்காகவே எடுத்துவிட வேண்டியதில்லை. மாற்று ஆட்டக்காரர்கள் அனைவரையும் முற்பகுதியிலேயே இறக்கிவிட்ட குழு, பிற்பகுதியில் ஒருவர் காயமுற்றால் என்ன செய்யும்?

இன்னொன்றையும் மனத்திற்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்தவுடன் திடலை விட்டு வெளியேற வேண்டும். நாம் குடியிருக்கும் தோட்ட வீடு வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டி வருகிறது. முப்பது ஆண்டுகள் உழைத்து, இறுதியில் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்ற குடும்பங்களை நாம் அறிவோம். சொந்த வீட்டைப் பற்றி எண்ண வேண்டிய நேரம் 60ஆம் நிமிடம் அன்று, 30ஆம் நிமிடம். வீடு வாங்குவதற்கு நல்வாழ்வுக் கணக்கிலிருந்து பணம் எடுக்கச் சேமநிதி வாரியம் வழி வகுத்திருக்கிறது. அதைப் பற்றி வாரிய அலுவலகத்திலும், தொழிற்சங்கத்திலும் கேட்டறியுங்கள்.

தாய்மார்களைப் பற்றி ஒரு சொல். கோல் போட்டவரைத் தோளில் தூக்குகிறோம். கோலைத் தடுத்தவரை மறந்துவிடுகிறோம். நம் நாட்டுக் கோல் காவலர் ஆர். ஆறுமுகம் அவர்களை மக்கள் ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தார்கள். அவர் 1988ஆம் ஆண்டு சாலை விபத்தில் மறைந்தார். அவருடைய நீண்ட கைகளை இன்றும் பெரியவர்கள் நினைவுகூர்கிறார்கள். நம் குடும்பங்களில் கடன், பசி, நோய் என்னும் பந்துகள் வலைக்குள் விழாமல் தடுப்பவர்கள் தாய்மார்களே. அவர்களுடைய ஆட்டத்தையும் நாம் கைதட்டிப் பாராட்ட வேண்டும்.

எல்லாம் நம் கையில் இருக்கிறது என்று நான் கூறவில்லை. 1980ஆம் ஆண்டு நம் தேசியக் குழு தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. ஆயினும், அப்போட்டியை நம் நாடு புறக்கணித்ததால் அவர்களால் அங்கே ஆட இயலவில்லை. உழைத்துப் பெற்ற வாய்ப்பும் சில வேளை கைநழுவிப் போகும். இரப்பர் விலை இறங்குவதும், மழை நாளில் வெட்டு நின்றுபோவதும் நம் குற்றமல்ல. அத்தகைய நாளைக்கும் சேர்த்தே திட்டமிடுவதுதான் நம் பொறுப்பு.

காற்பந்தும் வாழ்க்கையும் ஓரிடத்தில் வேறுபடுகின்றன. திடலில் எதிரணி தோற்றால்தான் நாம் வெல்ல முடியும். வாழ்க்கையிலோ அடுத்த வீட்டுக்காரர் எதிரணியல்லர். அவருடைய பிள்ளை பட்டம் பெறுவதால் நம் பிள்ளைக்குத் தோல்வி ஏற்படுவதில்லை. மற்றொரு வேறுபாடும் உண்டு. திடலில் நேரம் எல்லோருக்கும் தெரியும். வாழ்க்கையில் இறுதி ஊதலின் நேரம் எவருக்கும் தெரியாது. எனவேதான், சேமநிதியில் வாரிசின் பெயரைப் பதிவு செய்யும் பாரத்தை நிரப்பாதவர்கள் அதனை நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் நிரப்பிவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இளைஞர்கள் நன்றாக ஓடட்டும். நடுவயதினர் நின்று சிந்திக்கட்டும். ஓய்வு பெற்ற பெரியவர்கள் கோட்டின் ஓரத்தில் நின்று வழிகாட்டட்டும். இத்தோட்டத்தின் குழு என்றும் வெல்க என வாழ்த்தி விடைபெறுகிறேன்.