தெய்வப் பெயரில் ஒரு நோய்ப் பெயர்



கோவையின் பழைய பகுதிகளில் ‘பிளேக் மாரியம்மன்’ எனும் பெயர் தாங்கிய சிறு கோயில்கள் இன்றும் விளங்குகின்றன. தமிழ்த் தெய்வத்தின் பெயர்முன் ஆங்கிலச் சொல்லொன்று அடைமொழியாய் அமர்ந்த வரலாறு சிந்தனைக்குரியது.

1896இல் பம்பாயில் பரவிய அக்கொள்ளைநோய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொங்கு நாட்டையும் பற்றியது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 53,000ஆக இருந்த கோவை நகர மக்கள்தொகை, 1911இல் 47,000 அளவிற்குக் குறைந்தது. இறந்தோரொடு ஊர்விட்டு அகன்றோரும் அக்குறைவில் அடங்கியிருத்தல் கூடும்.

வீட்டில் எலி செத்து விழுந்தால் குடிபெயர்ந்து, காட்டுவெளியில் சாளை போட்டுத் தங்க வேண்டும் என்பது மக்கள் பட்டறிவால் கண்ட காப்பு. எலித்தெள்ளே நோயைக் கடத்துகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898இல் கராச்சியில் ஆய்ந்து கூறியபோது மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. மூதாட்டியரின் எச்சரிக்கையோ அவ்வுண்மைக்கு அருகிலேயே நின்றது!

அரசு, 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தைக் கையிலெடுத்தது. சென்னை மாகாணத்தில், நோய் கண்ட ஊர்களிலிருந்து வந்தோர் ‘பிளேக் பாஸ்போர்ட்’ பெற்று, நாள்தோறும் அலுவலர்முன் தோன்ற வேண்டியிருந்தது. ஹாஃப்கின் தாம் கண்ட தடுப்பூசியை 1897 ஜனவரியில் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். ஆயினும் 1902இல் பஞ்சாபின் முல்கோவாலில் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் இரணஜன்னியால் மாண்டனர். ஊசிக்கு அஞ்சியோரை அறியாமை மிக்கோர் என்று ஒதுக்குதல் நேர்மையாகாது.

இனி மொழிக்கு வருவோம். பெரியம்மை கண்டபோது நோயின் பெயரைச் சொல்லவும் மக்கள் கூசினர். ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்றே மொழிந்தனர். அங்கே நோயும் தெய்வமும் ஒன்று. அக்குளில் நெறிகட்டிச் சில நாளில் உயிர் குடித்த இந்நோயை அவ்வாறு தாயாக்க மனம் துணியவில்லை போலும். ‘மகாமாரி’, ‘கொள்ளைநோய்’ என்னும் சொற்கள் இருந்தும், அதிகாரிகள் வாயில் வந்த அயற்சொல்லையே பெயராக நிறுத்தினர். ‘பிளேக்’ அயலான், ‘மாரி’ காப்பவள். ஒட்டாத இரு சொற்களை அருகருகே வைத்த அத்தெருமக்களின் சொல்லாட்சி எந்தப் புலவர்க்கும் வாய்க்காதது.

2021இல் இதே கோவையில், காமாட்சிபுரி ஆதீனத்தில் ‘கொரோனா தேவி’ சிலை நிறுவப்பட்டது. அப்பெயரில் மாரி இல்லை, நோயே தேவியாகிவிட்டது.