கண்ணை மட்டும் விட்டுவிட்டு...

(அருமனையில் பெற்றோரும் மாணவர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நம்மாட்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். ‘கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சாரே.’ பெற்ற பிள்ளையின் உடம்பை அடுத்தவன் கையில் எழுதிக்கொடுக்கிற பத்திரம் இது. 1995-ல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில், சாதி இந்துக்களுக்கென்று வைத்திருந்த தண்ணீரைக் குடித்தாள் என்று ஒரு தலித் சிறுமியை ஆசிரியர் அடித்தார். ஒரு கண்ணில் பார்வை போனது. கண்ணைக்கூட விடவில்லை தோழர்களே. ஒழுக்கம் என்கிற பேரில் அங்கே நடந்தது சாதிப் பாடம்.

பிரம்பு இல்லாமலும் அந்தப் பாடம் நடக்கும். சதாராவில் படித்த அம்பேத்கர், உட்காருவதற்கான சாக்கைத் தினமும் வீட்டிலிருந்து சுமந்துபோனார். பியூன் வராத நாளில் அவருக்குத் தண்ணீர் கிடையாது. ‘நீ கீழானவன்’ என்று யாரும் வாயால் சொல்லவேண்டியதே இல்லை. சாக்கு சொல்லும், தாகம் சொல்லும்.

சரி, நம் வீட்டுக்குள் என்ன நடக்கிறது? நான் வங்கியில் வேலை பார்க்கிறவன். உதவித்தொகைக்குக் கணக்குத் தொடங்கப் பிள்ளைகளோடு வருவார்கள். கையெழுத்துக் கொஞ்சம் கோணினால் போதும். ‘மாட்டுக்குப் பொறந்தவனே, உனக்கெல்லாம் எதுக்குலே படிப்பு?’ வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் கேட்கப் பெத்த தகப்பனே சொல்வார். அது யாருடைய வார்த்தை? நம் பாட்டனைப் பார்த்துப் பண்ணையார் சொன்ன வார்த்தை. பண்ணையார் போய்விட்டான். அவன் நாக்கு நம்ம வாய்க்குள்ள கிடக்கு.

‘பிரியம் இல்லாமலா அடிக்கோம்? வாய்த்துடுக்கா வளந்தா வெளியே எவனாவது வெட்டிப் போட்டுருவான்’ என்று ஒரு அம்மா சொன்னார். அந்தப் பயம் பொய்யில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையும் வெட்டுப்பட்டாள். ஆனால் யோசியுங்கள். அடிபட்டே வளர்கிற பிள்ளை இரண்டு விஷயம் படிக்கிறது: பெரியவன் முன்னால் குனி, சின்னவனை அடி. சாதியின் இலக்கணமே அதுதானே?

அப்போ கண்டிக்கவே வேண்டாமா? வேணும். திருடினால், பொய் சொன்னால், தங்கச்சியை அடித்தால் கண்டிக்கத்தான் வேணும். தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலில் அவன் பக்கத்தைக் கேளுங்கள். ‘நீ செஞ்சது தப்பு’ என்று சொல்லலாம். ‘நீயே தப்பு’ என்று சொல்லக்கூடாது. உடைத்ததை ஒட்டச் சொல்லுங்கள், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். நிறத்தையும் மூக்கையும் மார்க்கையும் இழுக்காதீர்கள். மகளுக்கு ஒரு நியாயம் மகனுக்கு ஒரு நியாயம் வேண்டாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஊருட்டம்பலத்தில் அய்யன்காளி ஒரு புலையர் சிறுமியைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். ஆதிக்க சாதியார் பள்ளிக்கே தீ வைத்தார்கள். பிடித்த கையை அவர் விடவில்லை. பிள்ளைக்குத் தன்மானம் அந்தப் பிடியில் இருந்துதான் வரும். ஓங்கின கையிலிருந்து வராது.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. ஆகவே அடுத்தமுறை வாத்தியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: ‘தப்பு செஞ்சா எங்களக் கூப்பிட்டுச் சொல்லுங்க சாரே. கை வைக்கப்பிடாது.’ பிள்ளை பக்கத்தில் நின்று கேட்கும்படி சொல்லுங்கள்.