பிடியில் பலம் வேண்டாம், பக்குவம் வேண்டும்

(மிருக வைத்திய நிலையத்தில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவர் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



தோட்டத்திலே பிறந்த நமக்கு உடும்பு புதிதல்ல. ஆனால் இன்று சில வீடுகளில் இகுவானா என்ற பெரிய பச்சைப் பல்லியை ஆசையாக வளர்க்கிறார்கள். மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த பிராணி அது. வளர்ந்தால் 5 அடியும் இருக்கும்; அதில் பாதிக்கு மேல் வால்தான். வைத்தியரிடம் கொண்டு வரும்போது அதை எப்படிப் பிடிப்பது? அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பையன் பெட்டியில் இகுவானா கொண்டு வந்தான். திறந்ததும் அது பாய்ந்தது. "அண்ணே, விட்டுடாதீங்க!" என்று கத்தினான். நான் பதறிப்போய் வாலைப் பிடித்தேன். வால் என் கையிலே. பிராணி மேசைக்கு அடியிலே! பையன் என்னைத் திட்டவில்லை. "அண்ணே, அதுக்கு வலிக்குமா?" என்று மட்டும் கேட்டான். எனக்கு வாய் வரவில்லை. வால் மறுபடி முளைத்தாலும் பழைய அழகு வராது. அது பயத்தில் பாய்ந்தது. நானும் பயத்தில்தான் பிடித்தேன்.

அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான். காற்றுப் போகும் பெட்டியில் கொண்டு வாருங்கள். வெயிலில் நிற்கும் காடிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கண்ணை மறைத்துத் துண்டைப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை இடுப்புக்கு அடியில் கொடுத்துத் தாங்குங்கள். வாலை உங்கள் உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். சாட்டை மாதிரி வீசும். நெஞ்சை அழுத்தினால் அதற்கு மூச்சுத் திணறும். வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்து வளர்ந்த பிராணிக்கு எலும்பு மெலிந்திருக்கும். முரட்டுப் பிடியில் முறிந்துவிடும். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். சால்மொனெல்லா என்ற கிருமி வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து.

பெற்றோர்களே, பிள்ளை கேட்டதும் வாங்கிவிடாதீர்கள். முதலில் வனவிலங்கு இலாகாவில் விசாரியுங்கள். ஆத்தோர உடும்பையும் பிடித்து வளர்க்காதீர்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

சில மாதம் கழித்து அதே பையன் வந்தான். "இந்தத் தடவ நானே பிடிக்கிறேண்ணே" என்றான். துண்டைப் போட்டு, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினான். ஊசி போடும்வரை அது ஆடவில்லை, அசையவில்லை.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளே, அந்தப் பையனுக்கு எந்த மேடையிலும் பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் என் மனத்தில் அவனுக்குத்தான் முதல் பரிசு.