செக்ரோலுக்கு ஒரு சாவி

வேலையாட்களின் வருகையையும் சம்பளத்தையும் பதியும் தோட்டத்து செக்ரோல் புத்தகம் கணினியில் ஏறும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று இன்று பேசப்போகிறேன். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

ஹட்டன் பக்கம் ஒரு தோட்ட ஆபீசுக்கு இந்த வேலையாகப் போயிருந்தேன். ஒரே டிவிஷனில் இரண்டு லெட்சுமி. தகப்பன் பெயரும் இருவருக்கும் ஒன்று. அங்கிருந்த பழைய அட்டவணை ஆளைப் பெயரால் மட்டுமே அறிந்தது. ஒருவர் மடுவத்தில் நிறுத்த கொழுந்து மற்றவர் கணக்கில் ஏறிவிட்டது. "எடுத்தது நானு, பேரு அவளுக்கா தம்பி?" என்று சம்பளச் சீட்டோடு வந்து கேட்டார் அந்த அம்மா.

இந்தக் குழப்பத்தைத் தடுப்பதுதான் முதன்மைச் சாவி, அதாவது ஒவ்வோர் ஆளையும் தனித்துக் காட்டும் அடையாளம். ஒருவரின் சாவி இன்னொருவருக்கு வரக்கூடாது. ஒருவருக்கும் அது காலியாக இருக்கக்கூடாது. அடையாள அட்டை எண்ணையே சாவியாக வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். நம் மலையகத்தில் அது சரிவராது, நேயர்களே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. குடியுரிமை இல்லாதவருக்கு அடையாள அட்டை கிடையாது. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்த பிறகே பலருக்கு அது கிடைத்தது. அதற்கு முன் வேலைக்குப் பதிந்த எத்தனையோ பேரின் பதிவில் அந்தக் கட்டம் காலி. போதாததற்கு 2016இல் எண்ணே 12 இலக்கமாகிவிட்டது. 85 என்று தொடங்கி 'வீ' எழுத்தில் முடிந்த எண்ணைச் சில இடங்களில் 1985 என்று தொடங்கும்படி மாற்றி எழுதுகிறார்கள். கணினிக்கு அவை இரண்டு ஆட்கள்.

ஆகவே தோட்டமே ஓர் இலக்கம் கொடுக்கட்டும். ஆள் ஓய்வு பெற்ற பிறகும் அதை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. அடையாள அட்டை எண் தனி நிரலில் இருக்கட்டும்; காலியாக இருக்கலாம், இருவருக்கு ஒன்றாக இருக்கலாகாது.

கொழுந்து அட்டவணையில் இதே இலக்கம் அந்நியச் சாவியாகும். பதிவேட்டில் இல்லாத இலக்கத்துக்கு நிறை எழுதப் போனால் கணினி மறுக்கும். நிறை பதிந்திருக்கும் ஆளின் பதிவை அழிக்கப் போனாலும் மறுக்கும். அந்த மறுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. தொழிலாளியின் 8 சதவீதமும் தோட்டத்தின் 12 சதவீதமும் சேரும் சேமலாப நிதிக் கணக்கு இந்தப் பதிவுகளை நம்பித்தானே இருக்கிறது!

நேரம் குறைவு, திருத்துவதைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய அட்டவணையில் இரட்டைப் பதிவுகளைக் களைந்த பிறகே சாவி போடுங்கள், இல்லாவிட்டால் கணினி ஏற்காது. 'அப்டேட்' கட்டளையில் 'வெயார்' நிபந்தனையை விட்டால் ஒருவரின் லயம் மாறுவதற்குப் பதில் தோட்டம் முழுவதும் ஒரே லயத்துக்குப் போய்விடும். முதலில் பிரதி எடுத்து வையுங்கள்.

தோட்டங்களில் கேட்டுக்கொண்டிருக்கும் அக்காமார், அண்ணன்மாரே, இந்த மாதச் சம்பளச் சீட்டில் உங்கள் பெயரும் சேமலாப நிதி இலக்கமும் அடையாள அட்டை எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்துப் பிழைத்திருந்தாலும் ஓய்வு பெறும் நாள்வரை காத்திராமல் இப்போதே ஆபீசில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.