கிராமத்துக்குப் போன் வந்த கதை



ஒரு காலத்தில் கிராமத்துக்கு அவசரச் செய்தி தந்தியில்தான் வரும். தந்திக்காரர் தெருவில் நுழைந்தாலே பெண்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். பிரிக்கும் முன்பே அழுகை தொடங்கிவிடும். நகரத்தில்கூட போன் வேண்டும் என்று மனுக் கொடுத்தவர்கள் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

அப்போது தொலைபேசி முழுவதும் அரசின் கையில் இருந்தது. தாமதம் இருந்தது உண்மை. ஆனால் நல்ல வேலையும் நடந்தது. 1984-ல் அரசு சி-டாட் என்ற ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. நம் நாட்டுப் பொறியாளர்கள் அங்கே கிராமத்துக்கென்றே ஒரு சிறிய தொலைபேசி நிலையத்தை உருவாக்கினார்கள். அதற்குக் குளிர்சாதன அறை வேண்டாம். வெயிலையும் தூசியையும் தாங்கும். 1986-ல் கர்நாடகத்தில் கித்தூர் என்ற ஊரில் அது முதலில் வந்தது. பிறகு ஊர் ஊராக மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. இரவில் கட்டணம் குறைவு. அதனால் இரவில்தான் அங்கே கூட்டம்!

1994-ல் அரசு புதிய தொலைத்தொடர்புக் கொள்கையை வெளியிட்டது. தனியார் கம்பெனிகளும் போன் கொடுக்கலாம் என்றது. 1997-க்குள் எல்லாக் கிராமங்களுக்கும் போன் வரும் என்றும் சொன்னது. வரவில்லை.

ஏன் வரவில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். மலைமேல் ஒரு சிற்றூர். அங்கே கம்பம் நட வேண்டும், கம்பி இழுக்க வேண்டும். செலவு அதிகம். ஒரு நாளைக்கு ஐந்து பேர் பேசினால் என்ன வருமானம் வரும்? லாபம் பார்க்கும் கம்பெனி அந்த மலை ஏறுமா? கிராமங்களுக்கும் போன் வைக்க வேண்டும் என்று உரிமத்தில் நிபந்தனை இருந்தது. கம்பெனிகள் அதைச் சரியாக நிறைவேற்றவில்லை. கிராமத்துப் பொதுத் தொலைபேசிகளில் பெரும்பாலானவற்றை வைத்தது அரசுத் துறைதான்.

போட்டியால் நன்மையே இல்லையா? உண்டு. கைபேசி 1995-ல் வந்தது. அப்போது ஒரு நிமிடம் பேச 16 ரூபாய் வரை ஆனது. நமக்கு வந்த அழைப்பை எடுத்தாலும் காசு! கம்பெனிகள் பெருகப் பெருகக் கட்டணம் இறங்கியது. 2003-ல் வரும் அழைப்பு இலவசமானது. கூலி வேலைக்கு வெளியூர் போனவர் வீட்டோடு தினமும் பேச முடிந்தது.

லாபம் இல்லாத ஊருக்கு வேறு வழி வேண்டும் அல்லவா? அதற்காக 2002-ல் ஒரு நிதி உண்டானது. கம்பெனிகளின் வருமானத்தில் 100 ரூபாய்க்கு 5 ரூபாய் அதில் சேரும் என்று வைத்தார்கள். அது நாம் கட்டும் கட்டணத்திலிருந்து போகும் பணம்தான். கிராமங்களுக்கு என்று சேர்ந்த அந்தப் பணத்தில் பெரும் பகுதி பல ஆண்டுகள் செலவாகாமலே கிடந்தது. இது கேட்க வேண்டிய கேள்வி. 2024-ல் அந்த நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாறியது.

அதே 2024 ஜூலையில் மூன்று பெரிய தனியார் கம்பெனிகளும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. பல கம்பெனிகள் இருந்த இடத்தில் சிலவே மிஞ்சினால் போட்டியும் குறையும்.

கம்பெனிகளைக் கண்காணிக்க 1997-லேயே டிராய் என்ற ஆணையம் ஏற்பட்டது. புதிய விதி கொண்டுவரும் முன் அது மக்களின் கருத்தைக் கேட்கிறது. எவரும் எழுதி அனுப்பலாம். உங்கள் போனில் காசு தவறாகப் பிடித்தாலோ, சேவை சரியில்லை என்றாலோ 198 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் செய்யுங்கள். அவர்கள் ஒரு புகார் எண் தருவார்கள். அதைக் கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அப்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.