கல்லீரல் வாயிலில் ஏறும் அழுத்தம்



பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், சித்தூர் வட்டத்தில், வடகரப்பதி என்றோர் ஊராட்சி இருக்கிறது. ஆட்சி கேரளத்தினது, வீட்டிலும் வயலிலும் பெரும்பாலோர் பேசுவது தமிழ். நோயென்று வந்தால் பாலக்காட்டுக்குப் போவாரும் உண்டு. எல்லை கடந்து கோயமுத்தூருக்குப் போவாரும் உண்டு. எங்கே போனாலும் கையிற் கிடைக்கும் மருத்துவச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டங்களிலும், மும்பையிலும், தில்லியிலும் வாழும் தமிழருக்கும் இதே நிலைதான்.

அச்சீட்டில் 'போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன்' என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முதற் சொல் விளங்குவதில்லை. இரண்டாவது சொல் பழகியது. "இரத்த அழுத்தந்தானே! ஊரில் பாதிப் பேருக்கு இருப்பதுதானே!" என்று ஆறுதல் அடைகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அறிந்தவரையில், இத்துணைத் தீங்கு விளைக்கவல்ல சொன்மயக்கம் வேறு அதிகமில்லை. ஆதலின், கையில் பட்டை கட்டி அளக்கும் அழுத்தத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை இன்று பார்ப்போம்.

நாம் உண்ணும் உணவின் சத்தை ஏற்றுக்கொண்டு, இரைப்பையிலிருந்தும் குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வருகிற இரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. ஒரு பெரிய சிரையாகத் திரண்டு கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரலின் வாயிலாக அமைந்த அதனை வாயிற் சிரை என்பர். கல்லீரலுக்கு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் வந்து சேருகிறது. அதில் முக்காற் பங்கு இச்சிரையின் வழியே வருவது. கல்லீரல் அதனை வடித்து, சத்தைச் சேமித்து, நஞ்சை மாற்றி, பிறகே இதயத்துக்கு அனுப்புகிறது.

சித்தூர் வட்டத்து உழவருக்கு இதனை விளக்குவது எளிது. ஆழியாற்று நீர் மூலத்தறையிலிருந்து கால்வாய்களிற் பிரிந்து வருவதை அவர்கள் அறிவார்கள். கால்வாயின் குறுக்கே உள்ள மதகு அடைபட்டால், மேலே வரும் நீர் நின்றுவிடுமா? தேங்கி உயர்ந்து, பக்கத்துச் சிறு வாய்க்கால்களில் புகுந்து, அவை தாங்காதபோது கரையை உடைத்துக்கொண்டு போகும். கல்லீரல் தழும்பேறிக் கெட்டியானால் நேர்வதும் அதுவே. உள்ளே போக இயலாத இரத்தம் வாயிற் சிரையில் தேங்குகிறது. உணவுக்குழலின் அடியிலும் இரைப்பையிலும் உள்ள மெல்லிய சிரைகளில் புகுகிறது. நூல்போல் இருந்தவை புடைத்து மண்புழுப்போல் ஆகின்றன. ஒரு நாள் அவற்றில் ஒன்று வெடித்தால், வாய் வழியே இரத்தம் கொட்டுகிறது.

அளவைப் பாருங்கள். கையில் அளக்கும் அழுத்தம் 120 என்றால் நலம் என்கிறோம். வாயிற் சிரைக்கும் கல்லீரலை விட்டு வெளியேறும் சிரைக்கும் இடையிலுள்ள அழுத்த வேற்றுமையோ, பாதரச அளவில் 1 முதல் 5 மில்லி மீட்டர்தான். ஐந்தைத் தாண்டினாலே நோய். பத்தை எட்டினால் நோயின் விளைவுகள் தலைகாட்டத் தொடங்கும். பன்னிரண்டை எட்டினால் புடைத்த சிரை வெடிக்கும் அபாயம் உண்டு. கையிற் கட்டும் கருவி இதனைக் காட்டாது. கையின் அழுத்தம் முற்றும் சரியாக இருக்கும் ஒருவருக்கே கல்லீரல் வாயிலில் கரை உடையும் நிலை இருக்கலாம்.

இதற்கு மூலகாரணம் என்ன? முதலிற் சொல்ல வேண்டியது மது. சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளிலிருந்து கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் கள் போகிறது. கள்ளிறக்குதல் பல குடும்பங்களின் பிழைப்பு. அதனை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. ஆயினும், "கள் உடம்புக்குக் குளிர்ச்சி, பிராந்திதான் கெடுதல்" என்ற எண்ணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். புளித்த கள்ளில் நூற்றுக்கு 5 பங்கு சாராயச் சத்து இருந்தால், ஒரு லிட்டரில் 50 மில்லி லிட்டர் ஆகிறது. நூற்றுக்கு 42.8 பங்கு உள்ள பிராந்தியில் அதே அளவு ஏறக்குறைய 117 மில்லி லிட்டரில் அடங்கிவிடும். ஆக, நாளொன்றுக்கு ஒரு லிட்டர் கள் குடிப்பவரும், இரண்டு பெரிய அளவு பிராந்தி குடிப்பவரும் கல்லீரலின் கணக்கில் ஒருவரே.

குடிக்காதவருக்கு இந்நோய் வராது என்பதும் பிழை. பி, சி என்னும் இருவகை மஞ்சட்காமாலைக் கிருமிகள் பல ஆண்டுகள் ஓசையின்றி உள்ளிருந்து கல்லீரலைத் தழும்பாக்கும். நீரிழிவும் உடற்பருமனும் உள்ளவரிடம் கொழுப்புப் படிந்தும் அவ்வாறே ஆகும். இவையன்றி, கல்லீரல் சுருங்காமலே அதனுள்ளிருக்கும் வாயிற் சிரையின் கிளைகள் மட்டும் தடிக்கிற நோயொன்று நம் நாட்டில் இளவயதினரிடமும் காணப்படுகிறது. அதற்கு 1969-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தனிப்பெயர் சூட்டியது. குழந்தைகளிடம் வாயிற் சிரையே அடைபட்டுப்போவதும் உண்டு. ஆகவே இரத்த வாந்தி எடுத்தவரையெல்லாம் குடிகாரர் என்று முத்திரை குத்துவது அறமாகாது. அவ்விழிசொல்லுக்கு அஞ்சியே மருத்துவமனைக்குப் போகாமல் நோயை மறைப்போர் உளர்.

காமாலை என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. 1988-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜனும் அவர் குழுவினரும், 'பி' கிருமியைக் கண்டறிந்து நோபெல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் சேர்ந்து, கீழாநெல்லி அக்கிருமியை அகற்ற உதவலாம் என்று 'லான்செட்' இதழில் எழுதினர். உலகம் வியந்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகள் அப்பயனை உறுதிப்படுத்தவில்லை. மூலிகையை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பது தகாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம். 'பி' வகைக்குத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். 'சி' வகையைப் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையிலேயே ஒழித்துவிடலாம். 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் இவ்விரண்டுக்கும் சோதனையும் மருந்தும் இலவசம்.

அறிகுறிகள் யாவை? இடப்பக்க விலாவின் கீழே மண்ணீரல் பெருத்துக் கட்டிபோல் தட்டுப்படும். வயிற்றில் நீர் கோத்து, முன்னோர் மகோதரம் என்ற நிலை வரும். இரத்தச் சோதனையில் தட்டணுக்கள் குறைந்திருக்கும். மலம் தார்போல் கறுத்துப் போகலாம். பகலில் உறங்கி இரவில் விழித்து, பேச்சுத் தடுமாறினால், நஞ்சு மூளையைத் தொட்டுவிட்டது என்று பொருள். கல்லீரல் தழும்பேறியவர் இவற்றில் எதற்கும் காத்திராமல், குழாய்க் கருவியால் உணவுக்குழலைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் தயங்கலாகாது.

இனி, நாம் இன்று அழுத்திச் சொல்ல விரும்புவது மருந்தைப் பற்றி. 1981-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் லெபிரெக்கும் அவர் குழுவினரும், பிரோபிரனலால் என்ற மாத்திரை மீண்டும் இரத்தம் கசிவதைக் குறைக்கிறது என்று காட்டினர். கார்வெடிலால் என்பதும் அவ்வினத்தது. இவை சாதாரண இரத்த அழுத்தத்துக்கும் தரப்படுவன; மருந்துக் கடைக்காரரும் 'பிரஷர் மாத்திரை' என்றே சொல்லுவார். எனவே, நோயாளி கையழுத்தம் பார்க்கிறார்; சரியாக இருக்கிறது; "இனி எதற்கு?" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார். மாத்திரை காத்து நின்றது கையை அன்று. உணவுக்குழலிலுள்ள புடைத்த சிரையை. மருத்துவரைக் கேளாமல் அதனை நிறுத்தவும் கூடாது. ஆஸ்துமா உள்ளவர் தாமாக வாங்கி விழுங்கவும் கூடாது. மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் கடையில் வாங்கும் டைக்லோபினாக், இபுபுரோபென் போன்ற மாத்திரைகளை இந்நோயாளிகள் தொடவே கூடாது. அவை இரத்தக் கசிவையும் சிறுநீரகக் கேட்டையும் வரவழைக்கும்.

சிரை புடைத்திருந்தால் குழாய்க் கருவியின் மூலம் ரப்பர் வளையம் மாட்டி அதனைச் சுருக்குகிறார்கள். இரத்தம் கொட்டிவிட்டாலோ, அன்று ஒவ்வொரு மணி நேரமும் விலையுள்ளது. இன்றைய சிகிச்சையிலும் நூற்றுக்கு 15 முதல் 20 பேர் ஆறு வாரத்துக்குள் இறக்கிறார்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாய்க்கு எதுவும் கொடுக்காதீர்கள். 108 அல்லது 112-ஐ அழைத்து, குழாய்ச் சோதனை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கே கொண்டு செல்லுங்கள். முற்றிய நிலையில் கல்லீரல் மாற்றும் சிகிச்சையும் உண்டு. 1998-ஆம் ஆண்டில் தில்லியில் ஒரு குழந்தைக்கு அது வெற்றியாக நிறைவேறியதிலிருந்து நம் நாட்டில் அத்துறை வளர்ந்திருக்கிறது.

அயல் மாநிலத்தில் வாழும் அன்பர்கள் ஒன்று செய்யலாம். சீட்டைப் பெற்றதும் மருத்துவரிடம், "இது கையின் அழுத்தமா, கல்லீரலின் அழுத்தமா?" என்று கேளுங்கள். விடையைத் தமிழில் எழுதி மாத்திரை உறையின்மேல் ஒட்டிவையுங்கள். வீட்டிலுள்ள எல்லோரும் அதைப் படிக்கட்டும். மொழி தெரியாத ஊரில் அவ்வொரு வரி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.