வாசலில் நிறுத்தப்பட்டவன்



வாசகர் வட்டத்தில் ஆளுக்கொரு ஊரைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் கேட்டு வாங்கிய ஊர் சாண்டியாகோ டி கியூபா. கியூபாத் தீவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு மாகாணத்தின் தலைநகர். ஊரைச் சொல்வதற்கு முன்னால் ஓர் ஆளைச் சொல்லிவிடுகிறேன். அவன் பெயர் எனக்குத் தெரியாது. 1898 ஜூலை 17. அந்த நகரத்துக்கு வெளியே நிற்கிறான். கறுப்பன். சட்டை கிழிசல். கையில் கரும்பு வெட்டுகிற கத்தி. அவன் அப்பன் காலத்தில், 1868-இல், தொடங்கிய விடுதலைப் போர் அவன் காலத்தில் முடிந்திருக்கிறது. ஸ்பெயின் சரணடைந்துவிட்டது. சொந்த ஊருக்குள் போகலாம் என்று கால் எடுத்து வைக்கிறான். 'நில், உள்ளே வராதே' என்கிறார்கள். யார் சொன்னது? எதிரியா? இல்லை ஐயா, கூட்டாளி! மூன்று நான்கு வாரத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கிய அமெரிக்கப் படை!

உச்சுக்கொட்டுகிறீர்கள். அவனிடம் திரும்பி வருவேன். ஊரைப் பார்த்துவிடுவோம்.

பின்னால் சியாரா மாஸ்த்ரா மலைத்தொடர். அதில் 1,974 மீட்டர் உயரத்தில் துர்கீனோ சிகரம், தீவிலேயே உயரமானது. முன்னால் கடல். அந்தக் கரையை விட்டுச் சற்றுத் தள்ளினால் 6,000 மீட்டருக்கும் மேல் ஆழம்! நிலத்தட்டுகள் இரண்டு உரசுகிற விளிம்பில் உட்கார்ந்திருக்கிற ஊர் அது. 1766-இலும் 1932-இலும் நிலநடுக்கம் புரட்டிப் போட்டது, மறுபடி கட்டிக்கொண்டார்கள். ஊருக்குள் சமதளத் தெரு குறைவு. ஏற்றம், இறக்கம், பாத்ரே பிக்கோ என்று பெயர் பெற்ற படிக்கட்டுத் தெரு. விரிகுடா உள்ளே அகலம், வாய் மட்டும் குறுகல். அந்த வாயைக் காவல் காக்க 1638 முதல் பாறைமேல் கட்டிய மோரோ கோட்டை இன்றைக்கு யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

1515-இல் தியேகோ வெலாஸ்கெஸ் நிறுவிய ஊர். ஹவானாவுக்கு முன்னால் இதுதான் தலைநகர். மெக்சிகோவை விழுங்கிய கோர்டெஸ் இந்த ஊர் நிர்வாகத் தலைவனாக இருந்து, 1518-இல் இங்கிருந்துதான் கப்பலேறினான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சில மேடைகளில் கியூபா என்றால் ஹவானா மட்டும்தான். ஒரு சுருட்டு, ஒரு பழைய கார், தாடிக்காரர் படம் போட்ட ஒரு பனியன். முடிந்தது கியூபா! யாரைச் சொல்கிறேன் என்று முன்வரிசைக்குத் தெரிந்துவிட்டது, சிரிக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தோனியோ மாசேயோவின் படத்தை எந்தப் பனியனிலாவது பார்த்திருக்கிறீர்களா? அவனைப் பெற்ற மரியானா கிராஹாலெஸின் படத்தை?

அந்த அம்மாவைப் பற்றிக் கேளுங்கள். சாண்டியாகோவில் பிறந்த கறுப்பினத் தாய். போர் தொடங்கியதும் குடும்பத்தையே அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். புருஷன் களத்தில் செத்தான். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒரு மகனைக் குற்றுயிராகத் தூக்கி வருகிறார்கள். சுற்றி நின்ற பெண்கள் அழுகிறார்கள். அவள் கடைக்குட்டியைக் கூப்பிட்டு, நிமிர்ந்து நில், நீ பாசறைக்குப் போக நேரம் வந்துவிட்டது என்றாளாம். எழுதிவைத்தவர் கியூப விடுதலைக் கவிஞர் ஹோசே மார்த்தி. பிள்ளையைப் போருக்கு அனுப்பிய சங்கப் பாடல் மூதின் மகளிரை அறிந்த அவை இது, நான் விளக்க வேண்டியதில்லை.

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! அவள் 1893-இல் ஜமைக்காவில், அகதியாக, செத்தாள். முப்பது வருஷம் கழித்துத்தான் அவள் எலும்பு ஊர் திரும்பியது.

மகன் மாசேயோ சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து தளபதி ஆனவன். உடம்பில் இருபதுக்கும் மேலே காயம். 1878-இல் பலரும் களைத்து, ஸ்பெயினோடு சமாதானக் கையெழுத்துப் போட்டார்கள். அதில் நாட்டுக்கு விடுதலை இல்லை, அடிமைகள் எல்லோருக்கும் விடுதலை இல்லை. பராகுவா என்ற இடத்தில் ஸ்பானியத் தளபதியை நேருக்கு நேர் சந்தித்து, இந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம் என்று சொன்னவன் மாசேயோ. இன்றைக்கு சாண்டியாகோ நகரத்துச் சதுக்கத்தில் குதிரைமேல் அவன் நிற்கிறான். பக்கத்தில் தரையைப் பிளந்துகொண்டு 23 இரும்புக் கத்திகள் எழும்பியிருக்கின்றன.

கரும்பு வெட்டுகிற கத்தி! நம் ஆளின் கையில் இருந்த அதே கத்தி. அவனிடம் வருகிறேன்.

அமெரிக்கப் படை கரையிறங்க வழி பார்த்துக் கொடுத்தது யார்? தளபதி கலிஸ்தோ கார்சியாவின் ஆட்கள். காட்டுப் பாதை காட்டியது, உளவு சொன்னது, ஸ்பெயினுக்கு உதவிப்படை எளிதில் வந்துவிடாதபடி மறித்தது, எல்லாம் அவர்கள். ஜூலை 3 அன்று ஸ்பானியக் கப்பல்கள் ஆறும் அந்தக் குறுகலான வாய் வழியே ஒவ்வொன்றாக வெளியே வந்து சில மணி நேரத்தில் அழிந்தன. இரண்டு வாரத்தில் நகரம் சரண். நகரத்தில் ஏறியது எந்தக் கொடி? அமெரிக்கக் கொடி. கியூபர்கள் ஆயுதத்தோடு உள்ளே வரக்கூடாது. வந்தால் ஸ்பானியர்களைப் பழிவாங்கிக் கொன்றுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. ஸ்பானிய அதிகாரிகளோ அதே நாற்காலியில்! கார்சியா அமெரிக்கத் தளபதி ஷாஃப்டருக்குக் கடிதம் எழுதினார். நாங்கள் ஏழைப் படைதான், கந்தல் படைதான், உங்கள் பாட்டன்மார் விடுதலைக்குப் போரிட்டபோது எப்படி இருந்தார்களோ அப்படித்தான் நாங்களும் என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதவியைத் தூக்கிப் போட்டார். டிசம்பரில் பாரிஸில் உடன்படிக்கை. கியூபாவின் தலைவிதியை எழுதிய அந்த மேசையில் கியூபர்களுக்கு இடமே இல்லை. எனக்குக் கோபம் வருகிறது ஐயா, நூறு வருஷம் தாண்டியும் வருகிறது!

பிறகு நம் ஆள் எங்கே போனான்? பக்கத்தில் எல் கோப்ரே என்று ஒரு செப்புச் சுரங்க ஊர். அங்கே ராஜாவின் அடிமைகள் 1731-இல் கலகம் செய்து மலையேறினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் வரை விடாமல் போராடி 1801-இல் விடுதலை வாங்கினார்கள். அங்கே ஒரு மாதா கோயில். 1915-இல் பழைய போர்வீரர்கள் அங்கே கூடி, இந்த மாதாவைக் கியூபாவின் காவல் மாதாவாக அறிவியுங்கள் என்று போப்பாண்டவருக்கு விண்ணப்பம் போட்டார்கள். அடுத்த வருஷமே கிடைத்தது. அந்தக் கூட்டத்தில் அவனும் நின்றிருப்பான் என்று என் மனசு சொல்கிறது.

தெருவிலும் அவன் உண்டு. ஜூலை மாதக் கார்னிவலில், லோஸ் ஓயோஸ் பேட்டையிலிருந்து கொங்கா மேளம் புறப்பட்டால் ஊரே பின்னால் நடக்கும். அடிமையாக வந்த ஆப்பிரிக்கரின் பறைகள். அதற்கு மேலே, ஒப்பந்தக் கூலிகளாக வந்த சீனர்கள் கொண்டுவந்த ஊதுகருவி, நம் நாயனம் மாதிரியே சீவாளி வைத்து ஊதுவது. ஹைத்தியில் 1791-இல் அடிமைகள் கிளர்ந்தபோது தப்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள். அவர்களோடு இழுத்து வரப்பட்ட அடிமைகளின் ஆட்டம் தும்பா பிரான்செசா இன்றும் உயிரோடு இருக்கிறது. சோன் இசைக்கு இந்தப் பக்கம்தான் தாய்மண்.

அந்தக் கார்னிவல் சமயம் பார்த்துத்தான் 1953 ஜூலை 26 அன்று பிடல் காஸ்ட்ரோ நூறு நூற்றைம்பது பேரோடு மொன்காடா படைமுகாமைத் தாக்கினார். தோற்றார். 1959 ஜனவரி 1 அன்று வென்றார். அன்றைக்கு வானொலியில் என்ன சொன்னார் தெரியுமா? பழைய கதை திரும்ப நடக்காது, இந்த முறை விடுதலைப் போராளிகள் சாண்டியாகோவுக்குள் நுழைவார்கள் என்றார். நுழைந்தார்கள்! அறுபது வருஷக் கடனைத் தீர்த்த நாள் அது. தட்டுங்கள்!

ஆனால் தட்டிவிட்டுக் கலைந்துபோக விடமாட்டேன். 2012 அக்டோபர் 25 அதிகாலை சாண்டி புயல் அந்த ஊரை அடித்தது. லட்சத்துக்கும் மேலே வீடுகள் சேதம். நான்கு நாள் கழித்து அதே புயல் நியூயார்க் பக்கம் போனது. உலகம் எந்த ஊரைப் பேசியது? 2024 மார்ச் 17 அன்று அதே சாண்டியாகோ மக்கள் தெருவுக்கு வந்து, மின்சாரம் கொடு, சோறு கொடு என்று கத்தினார்கள். மின்வெட்டு, காலிச் சட்டி. அமெரிக்கப் பொருளாதாரத் தடையைப் பேசுகிறவர் இதைப் பேசுவதில்லை. இதைப் பேசுகிறவர் தடையைப் பேசுவதில்லை. எனக்கு இரண்டு பக்கத்தின்மேலும் வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். அன்றைக்குத் தெருவில் நின்றவர்களில், வாசலில் நிறுத்தப்பட்ட நம் ஆளுடைய கொள்ளுப்பேரனும் இருப்பானே!

மணி அடித்துவிட்டார்கள். வாசகர் வட்டத்துக்கு ஒரு கோரிக்கை. கார்சியா எழுதிய அந்தக் கடிதம் நீளமில்லை. யாராவது உட்கார்ந்து நல்ல தமிழில் பெயர்த்து, அச்சடித்து, அடுத்த மாதக் கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும். அச்சுச் செலவு என் பொறுப்பு.